ரேடியோவுக்கு என்ன புரிந்தது

பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு 'தேங்க்யூ அக்கா' என்று பெயர். மரியாதையாகத்தான் வைத்தோம் என்று வைத்தவர்கள் சாதிப்பார்கள், நம்ப வேண்டாம். அவள் தையல் பகுதிக்குப் பொறுப்பேற்ற புதிதில் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார். வந்தவர் கையை நீட்டினார். குட் மார்னிங் சொல்ல வேண்டிய இடத்தில் இவள் வாயிலிருந்து முந்திக்கொண்டு வந்தது தேங்க்யூ. அந்த அம்மாள் எதையும் கொடுக்கவில்லை, எதையும் சொல்லவும் இல்லை, கையை நீட்டியதோடு சரி. அதற்கப்புறம் இவளுக்குப் பதற்றம் தலைக்கேறிவிட்டது. வந்தவர் கிளம்பிப் போகிறவரை கேட்டதற்கெல்லாம் தேங்க்யூதான். கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கும் அதே பதில்தான் கிடைத்தது.

மாதக்கணக்கில் ஆபீசில் ஒருவரையொருவர் பார்த்துக் கையை நீட்டி, 'தேங்க்யூ மேடம்' என்று அவள் குரலிலேயே சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடவே நின்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இனி இந்த ஜென்மத்தில் இங்கிலீஷ் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

ஆனால் தெரியும். அதுதான் அவள் கட்டிக் காத்துவந்த ரகசியம். வாய்க்குத்தான் வராதே தவிர காதுக்கு வரும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷைப் பாடம் பாடமாகக் கேட்டிருக்கிறாள். 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று பாடம் நடத்துகிறவள் சொல்லும்போதெல்லாம் உதட்டைக்கூட அசைக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அது போதாதென்று வருஷக்கணக்காகச் செவ்வாய்க்கிழமை காலையில் வெளிநாட்டுக்காரரோடு நடக்கிற வீடியோ காலில் மூலையில் பொம்மையோடு பொம்மையாக உட்கார்ந்திருக்கிறாள். முக்கால்வாசி பிடிபட்டுவிடும், கால்வாசி நழுவிவிடும். பிடிபடுகிற விஷயம் வெளியே தெரிந்தால் 'அப்புறம் என்ன, நீயே பேசு' என்று மைக்கை முகத்துக்கு நேரே தள்ளிவிடுவார்கள். அதற்கு ஊமையாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

இந்த நிலைமையில்தான் கம்பெனிக்குள் ரேடியோ வந்து சேர்ந்தாள்.

வயது அதிகமிருக்காது. பேசுவதற்கென்றே எடுத்த ஆள். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் கொட்டும், மூச்சு விடுகிற இடமே தெரியாது. முதல் செவ்வாய்க்கிழமை அதைக் கேட்ட மேனேஜருக்கு வாயெல்லாம் பல். தையல் பகுதிப் பெண்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு அன்றைக்கே ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேங்க்யூ அக்காவும் முதலில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவள்தான். போகப் போக அவளுக்கு ஏதோ நெருடியது.

தான் நாலு விஷயம் சொன்னால் ரேடியோ அங்கே ஒன்றுதான் சொல்கிறாள். அங்கிருந்து நாலு விஷயம் வந்தால் 'ஓகேன்னு சொல்றார்க்கா' என்று ஒன்றாக்கித் தருகிறாள். மிச்சமெல்லாம் எங்கே போகிறது? இன்னொன்றும் உண்டு. கால் ஆரம்பிக்கும் முன் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஓதுகிறார். வெளியே வரும்போது அந்தப் பெண் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கபடமில்லாதவளுக்குத் தரையில் என்ன பார்வை என்று அக்கா மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வாள்.

கரடி பொம்மை ஆர்டர் தாமதமானபோது அந்த நெருடல் சந்தேகமாகவே முற்றிவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் துணி. சாயம் போட்டு வரவேண்டிய துணி வந்து சேரவில்லை, தையல் பெண்கள் காலி மெஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக வெட்டி, தைத்து, பஞ்சடைத்து முடித்துவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கால் ஆரம்பிக்கும் முன் அக்கா ரேடியோவைப் பிடித்து நிறுத்தினாள்.

"தையல்ல ஒரு நாள்கூட தாமதம் இல்லம்மா. துணிதான் லேட். இதை அப்படியே அவர்கிட்ட சொல்லு, என்ன?"

"சொல்லிடறேன்க்கா."

திரையில் கண்ணாடிக்காரர் வந்தார். வெளிநாட்டில் பொம்மைகளை வாங்கி விற்கிறவர் அவர்தான். மூக்கில் இருக்க வேண்டிய கண்ணாடியை எப்போதும் நெற்றியில் வைத்திருப்பதால் அந்தப் பெயர். அவர் வார்த்தைகளை மென்று, பாதியை முழுங்கிப் பேசுகிற ஆள். கரடி ஏன் தாமதம் என்று கேட்டார், அது அக்காவுக்குத் தெளிவாகவே புரிந்தது. ரேடியோ மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். அதுவும் புரிந்தது. தையல் ஆட்களிடம் சின்னப் பிரச்சினை சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார், என்றாள்.

அக்காவுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. துணி என்கிற பேச்சே இல்லை. கண்ணாடிக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். அப்படியென்றால் அடுத்த ஆர்டரின் தையலை வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருக்கிறேன், அடுத்த செவ்வாய்க்கிழமை உறுதி செய்யுங்கள் என்றார். ரேடியோ சிரித்த முகத்தோடு, "ஷ்யூர் சார், நோ ப்ராப்ளம்" என்றாள். மேனேஜரும் பின்னாலேயே, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று தலையை ஆட்டினார்.

"என்னம்மா சொன்னார்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஓகேன்னுட்டார். அடுத்த வாரம் பேசலாம்னார்."

அடுத்த ஆர்டர்தான் பெரிய ஆர்டர். அது கைவிட்டுப் போனால் தையல் பகுதியில் பாதி மெஷினுக்கு உறை போட வேண்டியதுதான். அந்த மெஷின்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தி வீட்டு அடுப்பும் அவளுக்குத் தெரியும். ஒருத்திக்குப் படுத்த படுக்கையான புருஷன், ஒருத்திக்குக் காலேஜ் போகிற மகள். 'நீங்க இருக்கிறப்ப எங்களுக்கென்ன கவலைக்கா' என்று சொல்கிற கூட்டம் அது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அக்கா அங்கேயே எழுந்து, 'அடிப்பாவி, துணின்னு சொன்னியாடி?' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால், நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று திருப்பிக் கேட்பார்களே. தன் பயத்துக்காக வாயை மூடிக்கொண்டோம் என்று அவளுக்கே தெரிந்தது, அது வேறு குத்தியது.

சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் ஒயர்மேன். பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துத் தரை முழுக்கப் பரப்பிவைத்திருந்தார்.

"கம்பெனியோட ரெண்டாவது யூனிட்டு எங்க மேனேஜரோட மச்சான் கையில இருக்குங்க. தையலை அங்க தள்ளிவிடத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறாங்க."

"போன மாசம் எதிர்வீட்டுக்காரர் நம்ம தண்ணியைத் திருடறார்னே. பார்த்தா நம்ம குழாய்தான் ஒழுகிட்டிருந்துச்சு."

"அது வேற, இது வேற."

"சரி, உனக்குக் கேட்டது சரிதானா? நல்லா யோசிச்சுப் பாரு. பாதி புரியும் பாதி புரியாதுன்னு நீதான சொல்லுவே."

அங்கேதான் அவர் கையை வைத்தார். அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. மாற்றுவது என்று அவர் சொன்னது தையலையா, வேறெதையுமா? ஆனானப்பட்ட ரேடியோவே ஒன்றுமில்லை என்கிறாள். பஸ்ஸில் பாடம் கேட்ட இந்தக் காதை நம்பி ஒரு பெண்ணைக் கள்ளி என்று சொல்லிவிட முடியுமா? அன்றைக்கு அவள் ரேடியோவைச் சந்தேகப்பட்டாள், மேனேஜரைச் சந்தேகப்பட்டாள், படுக்கப் போகும்போது தன் காதையும் சந்தேகப்பட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை தைப்பதில்லை, வேவு பார்ப்பதுதான். ரேடியோ மதியம் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று கவனித்தாள். சாமான் போடுகிற பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்துவிடுகிறாள். ஒருநாள் அட்டைப்பெட்டி எடுக்கிற சாக்கில் அக்கா அங்கே போனாள். ரேடியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "ஷ்யூர் சார், நோ ப்ராப்ளம் சார், வீ வில் டேக் கேர் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் வெடுக்கென்று திரும்பினாள். கையிலிருந்த போன் இருட்டாகக் கிடந்தது. அதற்குள் அணைத்துவிட்டாள் பார், கெட்டிக்காரி, என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"அன்னைக்குத் துணி லேட்டுன்னு சொன்னே இல்ல அவர்கிட்ட?"

"சொன்னேனேக்கா," என்றாள் ரேடியோ. பார்வை தரையில் இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்றுகூட இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேனேஜர் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவிடம் ஓதினார். இந்த முறை அக்கா வெட்கத்தை விட்டுக் கதவோரம் நின்று கேட்டாள்.

"அவர் என்ன கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. சும்மா சும்மா திருப்பிக் கேட்டுக்கிட்டும் இருக்காதே, இந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு நினைச்சுப்பாங்க. நம்ம மானத்தைக் காப்பாத்து, அது போதும்."

சதி ஆலோசனை என்று நினைத்து ஒட்டுக்கேட்டவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா? நான் கதவோரம் நிற்பது தெரிந்துதான் இப்படிப் பேசினாரோ என்று அடுத்த நூலைப் பிடித்துக்கொண்டது.

கால் ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். சவரம் செய்யாத முகம், உள்ளடங்கிய கண். கண்ணாடி நெற்றியில் இல்லை, மேஜையில் கிடந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று ரேடியோ கேட்டாள். அவர் ஒரு மூச்சு எடுத்து, மெதுவான குரலில், வழக்கத்தைவிட அதிகமாக மென்று ஏதோ சொன்னார். சொல்லி முடிக்கும்போது உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அழுகை வரக்கூடாது என்று ஆண்பிள்ளைகள் வரவழைத்துக்கொள்கிற சிரிப்பு அது.

என் அம்மா போன வாரம் இறந்துவிட்டார் என்று அக்காவின் காதில் விழுந்தது.

ரேடியோ சிரித்தாள். கலகலவென்று, "வெரி நைஸ் சார், சேம் ஹியர் சார்" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து மேனேஜரும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

திரையில் அந்த மனிதரின் முகம் இறுகிப்போனது. அக்கா அதைப் பார்த்தாள். அம்மா செத்துப்போனதைச் சொல்கிறவன் முன்னால் சிரிக்கிற இவள் என்ன ஜென்மம் என்றுதான் முதலில் கொதித்தது. இல்லை, நமக்குத்தான் தப்பாகக் கேட்டதோ? அம்மா வந்திருக்கிறார் என்று சொல்லியிருப்பாரோ? ஆனால் காது பொய் சொல்லலாம், அந்த முகம் எப்படிப் பொய் சொல்லும்? அம்மா வந்திருக்கிற மகனின் முகமா அது?

அவள் ரேடியோ பக்கம் திரும்பினாள். சிரிப்பு இன்னும் அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. மேல் உதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. மேஜைக்கு அடியில் அவள் மடியில் மாதிரிக் கரடி ஒன்று கிடந்தது. அதன் காதிலிருந்த ரோமத்தை விரல்கள் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தன. பாவாடையெல்லாம் பழுப்பு ரோமம். கண் மட்டும் கண்ணாடிக்காரரின் உதட்டை விட்டு அசையவில்லை. அவர் எப்போது சிரிப்பார், எப்போது நிறுத்துவார், எங்கே ஷ்யூர் சொல்ல வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற கண்.

இந்தப் பெண் எதையும் ஒளிக்கவில்லை. இவள் காதில் எதுவும் விழவே இல்லை. மனப்பாடம் செய்து வைத்திருப்பதை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். தையல் ஆட்களிடம் பிரச்சினை என்றதும், துணியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வார்த்தை கிடைக்காமல், அப்படி வந்த ஒன்றுதான். படிக்கட்டில் பேசியதும் யாரிடமும் இல்லை, சுவரிடம்தான். இத்தனை நாளாக இவளையா கள்ளி என்று கருவிக்கொண்டிருந்தோம்?

திரையில் கண்ணாடிக்காரரின் குரல் வறண்டு வந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம், தையலை மாற்றிவிடுகிறேன், உறுதிதானே? என்றார்.

ரேடியோவின் வாய் திறந்தது. அந்த ஷ்யூர் அவள் பல் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தப் பெண் 'ஆ' என்றாள்.

"சார்," என்றாள் தேங்க்யூ அக்கா.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். மேனேஜர் நாற்காலியோடு திரும்பினார். வெளியே கண்ணாடிக் கதவருகே நூல்கண்டு வாங்க வந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லோரும் கையை நீட்டிச் சிரிக்கப் போகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. சிரித்துத் தொலையட்டும்.

"சார். யுவர் மதர். ஸாரி. வெரி ஸாரி." எச்சிலை விழுங்கினாள். "ஸ்டிச்சிங் நோ லேட் சார். க்ளாத் லேட். மை பீப்பிள் குட். ப்ளீஸ், நோ சேஞ்ச்."

கண்ணாடிக்காரர் திரைக்கு அருகே வந்தார். கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு படபடவென்று பேச ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தை விழவில்லை. சத்தியமாக ஒன்றுகூட விழவில்லை. முக்கால்வாசி பிடித்துவந்த காது அந்த நேரத்தில் கதவடைத்துக்கொண்டது. மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்கிறது, அவர் வாய் அசைகிறது, அவ்வளவுதான். மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தபோதெல்லாம் காதில் விழுந்த இங்கிலீஷ், பேசவேண்டியவளானதும் போன இடம் தெரியவில்லை. அவர் நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"என்னம்மா சொல்றார்?" என்றார் மேனேஜர்.

நாக்கு நுனியில் ஒரு யெஸ் சார் வந்து உட்கார்ந்தது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. எல்லோரும் தலையாட்டுவார்கள், திரை அணையும், பிறகு போய் ஒரு டீ குடிக்கலாம். இவ்வளவு சுகமானதா இந்த யெஸ்? இத்தனை மாதமும் அந்தப் பெண் இந்த இடத்தில்தானே உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார்," என்றாள். "ஐ... நோ அண்டர்ஸ்டாண்ட். ஸ்லோ. அகெய்ன். ப்ளீஸ்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். மானம் போனது. கண்ணாடிக்காரர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார். தையல் உங்களிடமே இருக்கட்டும். துணி வருகிற தேதியை மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அம்மாவுக்காகச் சொன்னதற்கு நன்றி. அவ்வளவும் விழுந்தது. அப்புறம் அவர் பார்வை ரேடியோ பக்கம் நகர்ந்தது. அதே மெதுவான குரலில், இத்தனை மாதமாக இந்தப் பெண்ணிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், நான் சொன்ன எதுவாவது இவளுக்குப் புரிந்திருக்கிறதா? என்று கேட்டார்.

மெதுவாகக் கேட்டதால் இந்த முறை ரேடியோவுக்கும் புரிந்தது. கரடியைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன கேக்குறார்? ஏன் இவளைப் பார்த்துக் கேக்குறார்?" மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அக்கா யோசிக்கவேயில்லை. "தையல் நம்மகிட்டயே இருக்கட்டும்னுட்டார் சார். துணி வர்ற தேதி கேக்குறார். அதை இந்தப் பொண்ணையே எழுதி அனுப்பச் சொல்றார்," என்றாள். வந்ததில் பாதியை விழுங்கிவிட்டுப் பாதியைக் கொடுப்பவள் என்று எவளை வாரக்கணக்கில் மனசுக்குள் திட்டினாளோ, அவள் செய்ததையே இவளும் செய்தாள். துளிக்கூடக் கூச்சம் வரவில்லை.

"அப்பாடா," என்று மேனேஜர் சாய்ந்தார்.

திரையில் அந்த மனிதர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்தாள்.

"சார், ஹெர் இங்கிலீஷ் குட். ஒன்லி ஃபியர்." தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "மீ ஆல்ஸோ, ஃபியர்."

ரேடியோ மடியிலிருந்த கரடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். வழக்கமான வேகம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுத்து, "ஐ ஆம் ஸாரி அபௌட் யுவர் மதர், சார்," என்றாள். "ஐ டிட் நாட் ஹியர். ஐ ஆம் ஸாரி."

அவர் லேசாகத் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். திரை அணைந்தது.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களுக்குள் ஏதோ நடக்கிறது, தனக்கு மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர் கண்ணில் வந்துவிட்டது.

"மதர் மதர்னு ரெண்டு பேரும் சொன்னீங்களே. யாரோட அம்மாவுக்கு என்ன?"

ரேடியோதான் பதில் சொன்னாள்.

"அவரோட அம்மா செத்துட்டாங்க சார். அதைச் சொன்னப்பதான் நாம சிரிச்சோம்."